பெட்ரோல் எங்கே போகிறது?



தொடர்கதையில் கதாநாயகியின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். அத்தனை சுவாரசியமான சமாசாரம் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் எங்கள் சின்னக் காரின் மூன்று மாதத்துப் பெட்ரோல் கணக்கு இருக்கிறது. பெட்ரோல் கணக்கில் என்ன கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த நோட்டுக்குப் பின்னால் என் அம்மா இருக்கிறாள்.

அம்மா கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். வயது எழுபத்தாறு. "இந்த வீட்டையும் திண்ணையையும் விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று பிடிவாதம். நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். நடுவே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று வயலும் வாழையுமாகப் போகிற பாதை. ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவோம். மருந்து தீர்ந்திருக்கிறதா, சமையல் காஸ் இருக்கிறதா, முழங்கால் வலி எப்படி என்று பார்ப்போம். பொழுது சாய்ந்ததும் ஒரு கட்டு அப்பளத்தோடு திரும்புவோம்.

"ஏன், பஸ் இல்லையா?" என்று கேட்பீர்கள். பஸ்ஸும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. நான் தனியாகப் போனால் அதில்தான் போவேன். ஆனால் முழங்கால் வலிக்காரியைத் திடீரென்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவேண்டுமென்றால், வாசலில் கார் நிற்பது எத்தனை சௌகரியம் என்பது வயதான பெற்றோர் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

சில மாதங்களுக்கு முன், மாதக் கடைசியில் வழக்கம்போல் வரவுசெலவு மகாநாடு நடந்தது. பெட்ரோலுக்கு மட்டும் நாலாயிரம் ரூபாய். இவர் பேனாவை மூடிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இனிமேல் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அத்தையைப் பார்க்கப் போனால் போதாதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நியாயமாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. டெலிபோனில் அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "ஏட்டி, வாரா வாரம் வரணும்னு யாரு கேட்டா? பெட்ரோல் விக்கிற வெலைக்கு, மாசம் ஒருக்கா வந்தாலும் போதும்" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்துவிட்டாள். அந்தச் சட்டென்று வைத்தது என்னவோ செய்தது.

அன்றைக்கு ஒரு தீர்மானம் செய்தேன். பிரயாணத்தைக் குறைப்பதற்கு முன்னால், பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம்!

முதலில் அளந்து பாருங்கள்

பால்காரரிடம் அளந்து வாங்குகிறோம். மளிகைக்காரரிடம் நிறுத்து வாங்குகிறோம். கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டால் மட்டும், "ஏதோ பதினெட்டு, இருபது கொடுக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்கிறோம்.

அளப்பது சுலபம். பங்கில் டாங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்'கென்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும்; அதற்கு மேல் வழிய வழிய ஊற்றச் சொல்லக் கூடாது. அப்போது மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறை அதே பங்கில், அதே மாதிரி குழாய் நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இந்தத் தடவை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்: ஓடியது 342 கிலோமீட்டர், ஊற்றியது 22.8 லிட்டர். லிட்டருக்குச் சரியாக 15.

கார் விளம்பரத்தில் போட்டிருந்த எண் இதற்கு வெகு தூரத்தில் இருந்தது. அதற்காகக் கம்பெனிக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. காரை உருளைகளின் மேல் நிறுத்தி, குறித்து வைத்த வேகத்தில் குறித்து வைத்த நேரம் ஓட்டி அளக்கிறார்கள். அங்கே வண்ணார்பேட்டை நெரிசல் கிடையாது. குறுக்கே ஓடும் ஆடு கிடையாது. பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸும் கிடையாது. வெவ்வேறு கார்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். நம் வீட்டுக் கணக்குக்கு நம் நோட்டுத்தான் உதவும்.

கோளாறு எங்கே?

நோட்டை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். எஞ்சினைப் பிரித்து ஏதாவது மாற்றச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ, "ஏம்மா, ஒரு நடை டவுனுக்கு ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வாரேன்" என்றார்.

பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு, வண்ணார்பேட்டை தாண்டி, 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் வழியாகத் தாமிரபரணியைக் கடந்து போனோம். அண்ணாச்சி ரோட்டைப் பார்க்கவே இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நெல்லையப்பர் கோவில் ரத வீதிக்குள் நுழைந்ததும் சிரித்தார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல. பாளையங்கோட்டையிலேருந்து இங்க வரைக்கும் முப்பத்தெட்டு தடவை பிரேக்கு போட்டிருக்கீங்க. உங்க பெட்ரோல் எல்லாம் பிரேக்குலதான் போவுது!"

எனக்கு ரோசம் வந்தது. பிரேக் போடாமல் மோதிவிடவா முடியும்? ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது விளங்கிற்று. தப்பு பிரேக் போட்டதில் இல்லை. பிரேக் போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தும், அதுவரை ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்ததில்தான் இருக்கிறது.

அடுப்படிக் கணக்காகச் சொல்கிறேன். குழம்பு கொதி வந்துவிட்டது. அடுப்பைத் தணிக்காமல் முழு ஜ்வாலையில் எரியவிட்டு, பொங்கும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளிப்போமா? காரில் நாம் செய்வது அதுதான். பெட்ரோலை எரித்து வேகத்தை உண்டாக்குகிறோம். அந்த வேகத்தை அடுத்த நிமிஷமே பிரேக்கில் தேய்த்துச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். மறுபடி முதலிலிருந்து வேகம் உண்டாக்க மறுபடி பெட்ரோல்.

இது மெக்கானிக் அண்ணாச்சியின் கணக்கு மட்டும் அல்ல. திடீர் திடீரென்று வேகமெடுத்து, திடீர் திடீரென்று பிரேக் போடும் ஓட்டத்தால், நின்று நின்று போகும் நகர நெரிசலில் 10 முதல் 40 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. டயரில் காற்றைச் சரியாக வைப்பதால் கிடைக்கும் லாபமோ, அதே துறையின் கணக்குப்படி சராசரியாக ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. சில சமயம் 3 சதவிகிதம் வரை போகலாம். 45 கிலோ அநாவசிய பாரத்தை இறக்கினால் ஏறக்குறைய 1 சதவிகிதம். இவற்றையும் விட வேண்டாம்தான். ஆனால் பெரிய ஓட்டையை விட்டுவிட்டுச் சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது, பாருங்கள்.

நான் என்ன செய்தேன்?

முதலாவது, முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து ஓட்டுவதை விட்டேன். அதற்கும் முன்னால், நாலு வண்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழகினேன். தூரத்தில் பஸ் நிற்கிறது, சிக்னல் சிவப்பாகிவிட்டது என்று தெரிந்த உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். கார் கியரிலேயே தானாக வேகம் தணிந்து போகும். இப்போதைய கார்களில் இன்னொரு லாபம் உண்டு. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், எஞ்சின் மெல்லச் சுழலும் நிலைக்கு இறங்கும்வரை, பெட்ரோல் தெளிப்பதையே அது நிறுத்திவிடுகிறது. அந்தத் தூரம் நமக்கு இனாம்!

இரண்டாவது, கிளம்பும்போது அவசரப்படாமல், அதே சமயம் ஊர்ந்துகொண்டும் இராமல், எஞ்சின் முனகுவதற்கோ அலறுவதற்கோ இடம் கொடாமல் கியரை மேலே மாற்றுவது. சேரன்மகாதேவிப் பாதையில் ஐந்தாவது கியரில் 50-ஐ ஒட்டி ஓட்டுகிறேன். 1978-இல் மத்திய அரசு நிறுவிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமும் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்றுதான் யோசனை சொல்கிறது. காரணம் காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள். 'பொம்பளை ஓட்டுற வண்டி' என்று முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். பங்கில் பணம் கொடுக்கப்போகிறவர் அவரில்லை.

மூன்றாவது, நின்றால் எஞ்சினையும் நிறுத்துவது. பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளுக்காகத் தினமும் பத்து நிமிஷம், ஏ.ஸி.யும் எஞ்சினும் ஓட, உட்கார்ந்திருப்பேன். சின்னக் கார் எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், ஏ.ஸி. போட்டால் அதற்கும் மேல். தினம் பத்து நிமிஷம் என்றால் பள்ளிக்கூட மாதத்தில் இரண்டு லிட்டர். இப்போது இறங்கி வேப்பமர நிழலில் நிற்கிறேன். அங்கே நிற்கும் மற்றத் தாய்மார்களோடு நாலு வார்த்தை பேசவும் முடிகிறது.

நான்காவது, ஏ.ஸி. கடும் வெயிலில் சின்னச் சின்ன தூரம் போகும்போது மைலேஜில் கால் பங்குக்கு மேல்கூட அது விழுங்கிவிடலாம் என்று முன்னே சொன்ன அமெரிக்கத் துறையே சொல்கிறது. நம் நெல்லை வெயிலில் ஏ.ஸி.யே வேண்டாம் என்று நான் சொன்னால் நீங்கள் அடிக்க வருவீர்கள். காரை நிழலில் நிறுத்துங்கள். ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி, உள்ளே வெந்துகிடக்கும் காற்றை வெளியே விட்டுவிட்டு அப்புறம் போடுங்கள். ஆறிய அறையைக் குளிர்விக்கச் செலவு குறைவு.

ஐந்தாவது, நடைகளைச் சேர்ப்பது. காலையில் பள்ளிக்கூடம், பிறகு ஒரு நடை மார்க்கெட், மத்தியானம் ஒரு நடை பாங்க் என்று மூன்று தரம் கிளம்பினால், மூன்று தரமும் எஞ்சின் ஆறிய நிலையிலிருந்து புறப்படுகிறது. ஆறிய எஞ்சின் பெட்ரோலை ஜாஸ்தியாகக் கேட்கும். ஒரே சுற்றில் மூன்றையும் முடித்தேன். மாதத்தில் அறுபது கிலோமீட்டர் ஓட்டமே குறைந்துவிட்டது.

டயரை மாதம் ஒரு முறையாவது, வண்டி அதிகம் ஓடாத காலை வேளையில் பார்த்துவிடுங்கள். எவ்வளவு காற்று என்பதைக் காற்றடிக்கும் பையனைக் கேட்காதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அல்லது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பெட்ரோல் லாபம் கொஞ்சம்தான் என்றாலும், காற்றுக் குறைந்த டயர் வெயில் ரோட்டில் சூடேறி வெடிக்கும் அபாயம் இருக்கிறதே!

இதை மட்டும் செய்யாதீர்கள்

எங்கள் பெரியப்பா அம்பாஸடர் வைத்திருந்தார். பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வருவார். "பாத்தியா, பைசா செலவில்லாம கீழ வந்தாச்சு!" என்று பெருமைப்படுவார். எங்கள் வீட்டில் அது ஒரு வித்தையாகவே கருதப்பட்டது. இவரும் அதைப் பின்பற்றி வந்தார்.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்கிறவர்களையும் விடாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு அது கொடுக்கும் துணை பலமும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகக் கனக்கும். ஸ்டியரிங் திருப்பக் கஷ்டமாகிவிடும்; சாவியை உருவிவிட்டால் பூட்டிக்கொள்ளவும் கூடும். மலை வளைவில் இது உயிரோடு விளையாட்டு. எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் இறங்கினாலும், வண்டியைப் பிடித்து நிறுத்த எஞ்சின் இல்லாமல், பிரேக் மட்டுமே சூடேறித் தளரும். லாபமும் கிடையாது. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சினில் பெரியப்பாவின் கணக்குக்கு ஏதோ அர்த்தம் இருந்தது. இன்றைய எஞ்சின் நியூட்ரலில் பெட்ரோல் குடிக்கும். இரண்டாவது கியரில் காலை எடுத்து இறங்கினால் குடிக்காது. இறக்கத்தில் சிக்கனமும் பத்திரமும் ஒரே கியரில் இருக்கின்றன.

டாங்கில் போடும் மாத்திரை, குழாயில் மாட்டும் காந்தம் என்று விற்கிறார்களே, அவற்றையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குப் பெட்ரோலே போட்டுக்கொள்ளலாம்.

நம் தப்பு அல்லாததும் உண்டு

"நானும் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன், முன்போல் வரவில்லையே?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றிலிருந்து எடுப்பது எத்தனால். வெளிநாட்டு எண்ணெய்ச் செலவு குறையும் என்பது அரசாங்கத்தின் நோக்கம். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. முன்பு தனிப் பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில், 20 சதவிகிதக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. 10 சதவிகிதத்துக்கென்றே வடிவமைத்து 20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவிகிதம்தான். ஆகவே உங்கள் காரின் புத்தகத்தில் எந்தக் கலப்புக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பதினெட்டு ஓடிய கார் பதினேழு ஓடினால் உங்கள் காலைக் கோபிக்க வேண்டாம். பதினைந்துக்கு இறங்கினால், காலையும் டயரையும் கவனியுங்கள்.

பெட்ரோல் கஷ்டம் நம் ஜில்லாவுக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அந்த நாட்டு எண்ணெயும் போயிற்று. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் சாதனத்தைச் செய்து கொடுத்தவர், நம் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார். கரி வாயுவில் வேகமும் குறைவு, இழுப்பும் குறைவு. அந்த வண்டியில் ஒருமுறை உண்டாக்கிய வேகம் எத்தனை அருமையானது என்று டிரைவருக்குத் தெரிந்திருக்கும். நமக்குப் பெட்ரோல் குழாயில் கொட்டுவதால் அந்த அருமை மறந்துவிட்டது.

நோட்டின் கடைசிப் பக்கம்

மூன்று மாதம் கழித்து மறுபடி மகாநாடு கூடியது. இந்தத் தடவை நோட்டை நான் வாசித்தேன். லிட்டர் நூறு ரூபாய் என்றே கணக்குக்கு வைத்துக்கொண்டோம்.

முன்பு மாதம் 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 15. ஆக 40 லிட்டர், 4,000 ரூபாய்.

இப்போது 540 கிலோமீட்டர், லிட்டருக்கு 18. ஆக 30 லிட்டர், 3,000 ரூபாய்.

மிச்சம் ஆயிரம் ரூபாய். இவர் சொன்னபடி கல்லிடைக்குறிச்சிப் பயணத்தில் இரண்டைக் குறைத்திருந்தால், 140 கிலோமீட்டருக்குப் பழைய கணக்கில் 930 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும். அம்மாவை ஒரு நாள்கூடக் குறைக்காமல் அதைவிட ஜாஸ்தி மிச்சம்! இவர் கணக்கை இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு, "அடுத்த டாங்க் நான் ஓட்டுகிறேன். உன் எண்ணை எட்டுகிறேனா இல்லையா பார்" என்றார். அவர் எட்டியது 17. அதை நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். "எதுக்குட்டி செலவழிச்சுக்கிட்டு வாரா வாரம்..." என்று வாய்தான் சொல்லிற்று. கையில் மூன்று டம்ளர் காப்பி தயாராக இருந்தது. நாங்கள் வரும் நேரம் பார்த்துக் கலந்திருக்கிறாள்.

நீங்களும் இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள். அதற்கு மேலே, அந்தப் பெட்ரோலில் நீங்கள் யாரைப் பார்க்கப் போக விரும்புகிறீர்களோ, அவர் பெயரையும் எழுதி வையுங்கள். கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்.